காரிமங்கலம் சந்தையில் மூன்று ஆடுகள்

மஞ்சப்பைக்குள்ளிருந்து அவர் எடுத்து மேசைமேல் வைத்தவை இரண்டு புத்தகங்கள். ஒன்று அவர் எழுதியது. மற்றது, நான் எழுதியதாக அன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

2011, தீபாவளி கழிந்த வாரம். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் என் பயிற்சி மையம் நடந்துகொண்டிருந்தது. முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கரும்பலகை, கோடையில் அனல் இறங்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள். குரூப் 4, வி.ஏ.ஓ., போலீஸ் தேர்வு என்று எது அறிவித்தாலும் அதற்கு வகுப்பு எடுப்பேன். அந்த ஆண்டு பாதியில் கணக்குக்கென்று 140 பக்கத்தில் ஒரு கைடு போட்டேன். சேலத்தில் ஆஃப்செட் அச்சு, ஆயிரம் பிரதி, விலை 40 ரூபாய். அட்டையில் என் பெயர், கொஞ்சம் பெரிதாகவே.

வந்திருந்தவர் பாலக்கோடு பக்கத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து அவரும் ஒரு கைடு போட்டிருந்தார். 60 ரூபாய். அதை நான் இரண்டு வருஷமாக வகுப்பில் வைத்துக்கொண்டு நடத்தியிருக்கிறேன். அவ்வளவு நல்ல புத்தகம்.

"தம்பி, உங்க புக்குல எம்பத்தாறாம் பக்கத்த எடுங்க" என்றார். எடுத்தேன்.

ஓமலூர் சந்தையில் ஒருவர் மூன்று ஆடு வாங்குகிறார், ஆடு ஒன்று 3,000 ரூபாய். ஒன்றை 20 சதவீத லாபத்துக்கும் இன்னொன்றை 10 சதவீத லாபத்துக்கும் விற்றுவிட்டார். மூன்றாவது நொண்டி ஆடு. அதை எத்தனை சதவீத நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டால் கைக்காசு அப்படியே திரும்பும்?

"இப்ப விடைப் பக்கத்தப் பாருங்க."

30 சதவீதம் என்று விடை சரியாகத்தான் இருந்தது. விளக்கத்தின் முதல் வரிதான் காலை வாரிவிட்டது: காரிமங்கலம் சந்தையில் வாங்கிய மூன்று ஆடுகளின் அடக்க விலை 9,000 ரூபாய். கேள்வியில் ஊரை மாற்றிய நான் விடையில் மாற்ற மறந்திருந்தேன். டிடிபி சென்டர் பெண் நான் கொடுத்ததை அப்படியே அடித்திருந்தாள். அவள்மேல் குற்றமில்லை.

அவர் இரண்டு புத்தகத்தையும் விரித்துப் பக்கம் பக்கமாகப் பென்சிலில் டிக் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் 140 பக்கத்தில் 63 பக்கம் அவருடையது. எண்ணை மாற்றியவை, ஊரை மாற்றியவை, மாற்றவே சோம்பல்பட்டவை என்று மூன்று தினுசு.

எனக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. "முன்னுரையில உங்க பேரப் போட்டு நன்றி சொல்லியிருக்கேன் ஐயா."

"பாத்தேன்" என்றார். பிறகு பையில் கையை விட்டு மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். சேலத்துப் புத்தகக் கடையொன்றின் ரிட்டர்ன் சீட்டு. இருநூறு பிரதி திருப்பி அனுப்பியிருந்தார்கள். "அறுபது ரூபா புக்குல இருக்கிறது நாப்பது ரூபா புக்குலயும் இருக்குதுன்னா, பசங்க எதத் தம்பி வாங்குவாங்க?"

அவர் குரல் உயரவில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு மட்டும் கடைசிவரை இருந்தது. டீ வாங்கிவரச் சொன்னேன், வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலமே நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் என் பள்ளித் தோழனிடம் ஓடினேன். பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. "நான் பேரு போட்டுத்தானேடா எடுத்தேன்? பாதிகூட எடுக்கலையே? ஃபேர் யூஸ்னு ஒண்ணு இருக்குதாமே?" என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, முதலில் வார்த்தையைத் திருத்தினான். நான் 'காப்புரிமை, காப்புரிமை' என்று உளறிக்கொண்டிருந்தேன். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு, எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை. (நம் செய்தித்தாள்கள் இன்றும் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகின்றன. ஆகவே என்னை மட்டும் குறை சொல்ல முடியாது.)

அவன் விளக்கியதைப் பிறகு நானே சட்டப் புத்தகத்தை வைத்துப் பல தடவை படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். ஃபேர் யூஸ் என்பது அமெரிக்காக்காரன் சொல். அவர்களின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 107ஆவது பிரிவில் நான்கு கேள்விகளை வைக்கிறது. எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலப் படைப்பின் விற்பனைக்கு என்ன ஆகும். எந்தக் காரியமானாலும் இந்த நாலு படியில் அளந்து பார்க்கலாம். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளது ஃபேர் டீலிங், நியாயமான கையாளுகை. இங்கே வாசலிலேயே காரணம் கேட்பார்கள். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும், நடப்புச் செய்தியைச் சொல்வதற்கும் என்று 52ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்று உன்னிடம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். நியாயமா என்ற கேள்வி அதற்குப் பிறகு. அதே 52இல் இன்னும் பல தனி விலக்குகள் வரிசையாக உண்டு. கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடுவதைக்கூடச் சட்டம் மறக்காமல் சேர்த்திருக்கிறது.

மலிவு விலையில் போட்டிக் கைடு விற்பதற்கு அந்த வரிசையில் எங்கேயும் இடமில்லை.

என் மூன்று சமாதானங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. பெயர் போட்டது மரியாதை. அது அனுமதி ஆகாது. 'பாதிகூட இல்லை' என்பதும் நிற்கவில்லை. பத்து சதவீதம் வரை எடுக்கலாம், முப்பது வார்த்தை வரை எடுக்கலாம் என்று ஆளுக்கொரு கணக்கு ஊரில் சொல்வார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு பொது அளவே கிடையாது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஃபோர்டின் நினைவுக் குறிப்புகள் வெளிவருவதற்கு முன்பே 'தி நேஷன்' பத்திரிகை அதிலிருந்து முந்நூறு சொச்சம் சொற்களை அப்படியே எடுத்துப் போட்டது. மொத்தக் கையெழுத்துப் பிரதி இரண்டு லட்சம் சொல் இருக்கும். ஆனால் ஆட்கள் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவது எதற்காகவோ, அந்த இடத்தையே பத்திரிகை எடுத்திருந்தது. அது நியாயமான பயன்பாடு ஆகாது என்று 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கு நேரெதிராக நம் பக்கத்து மாநிலத்தில் ஒன்று. தோப்பில் பாசியின் 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' கேரளத்தை உலுக்கிய நாடகம், 1952இல் மேடையேறியது. அதை மறுத்துச் சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதினார். பாத்திரங்கள், காட்சிகள், வசனங்கள் என்று மூலத்திலிருந்து தாராளமாகவே எடுத்துக்கொண்டார். வழக்கு வந்தது. 1996இல் கேரள உயர் நீதிமன்றம் நாடகத்தை நிறுத்த மறுத்தது. எடுத்த நோக்கம் விமர்சனம், பழைய நாடகத்துக்கு வரும் கூட்டத்தை இது பறித்துக்கொள்ளப் போவதில்லை என்பது அதன் பார்வை. கொஞ்சம் எடுத்தவர் தோற்றார், நிறைய எடுத்தவர் ஜெயித்தார். பக்கக் கணக்கு பார்ப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

தோழனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "கணக்குக்கு யாருடா சொந்தக்காரன்? இருபதும் பத்தும் முப்பதுன்னு அவரா கண்டுபிடிச்சாரு?" கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொண்டான். லாப நஷ்டச் சூத்திரம் யாருடைய சொத்துமல்ல, கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே சொன்னது அது. ஆனால் நொண்டி ஆடு அவருடையது. கைக்காசு திரும்ப வேண்டும் என்று கேட்ட விதம் அவருடையது. எந்தக் கணக்குக்குப் பிறகு எந்தக் கணக்கு வந்தால் சுமாரான பையனுக்கும் பிடிபடும் என்று முப்பது வருஷம் சுண்ணாம்புத் தூளில் நின்று கண்டுகொண்ட வரிசை அவருடையது. நான் எடுத்தது கணக்கை அல்ல, அந்த வரிசையை.

அவர் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இது பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதைப் படித்தபோது, பதினோரு வருஷம் கழித்தும் எனக்கு வேர்த்தது. மீதமிருந்த என் பிரதிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். அவருடைய இருநூறையும் முழு விலைக்கு, 12,000 ரூபாய்க்கு நானே வாங்கிக்கொண்டேன். பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு தவறுதான். சூடுபட்ட பூனையாகி அடுத்ததையும் செய்தேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கம்.

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்று மூன்று பெரிய பதிப்பகங்கள் சேர்ந்து தில்லியில் ஒரு ஜெராக்ஸ் கடைமீது வழக்குத் தொடுத்தன. கடை தில்லி பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, பல்கலைக்கழகத்தின் உரிமத்தோடு நடந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ். பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல புத்தகத்திலிருந்து படியெடுத்து, ஒரு கட்டாகத் தைத்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். சில வாரங்களில் இடைக்காலத் தடையும் வந்துவிட்டது. செய்தியைப் படித்ததும் என் மையத்தில் ஜெராக்ஸ் என்ற சொல்லுக்கே தடை போட்டேன். வினாத்தாளைக்கூடப் பலகையில்தான் எழுதுவேன். பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்று சுப்பிரமணிய சிவாவின் எழுத்துகளில் சிலவற்றைச் சிறு மலராகப் போட உதவி கேட்டது. அந்த மண்ணில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்து, 1925 ஜூலையில் அங்கேயே இறந்த மனிதர். "வாரிசு யாருன்னு பாத்து அனுமதி வாங்கணும், வம்பு வேண்டாம்" என்று கைவிரித்தேன். எழுத்தாளர் இறந்து 60 வருஷம் ஆனால் பதிப்புரிமை தீர்ந்தது என்பதைச் சட்டத்தின் 22ஆவது பிரிவில் நானே கோடு போட்டு வைத்திருந்தேன். பயந்தவனுக்குக் கோடு போட்ட இடம் கண்ணில் படாது போலிருக்கிறது.

மறு வருஷம் பெரும்பாலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வரலாறு. நம் மாவட்டத்து நடுகற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. என் அலமாரியில் நடுகல் பற்றிய பழைய புத்தகம் ஒன்று உண்டு, எங்கும் விலைக்குக் கிடைக்காதது. அதில் ஓர் அத்தியாயம் மட்டும், பன்னிரண்டு பக்கம். "சார், கீழ கடையில ஜெராக்ஸ் எடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல குடுத்துடறேன்" என்றாள்.

"சட்டப்படி தப்பும்மா" என்றேன். பெரிய நியாயவான் தோரணையில்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கையால் எழுத ஆரம்பித்தாள். நான்கு நாள் எழுதினாள். நடுகல் படங்களைக்கூட, வீரன் கையில் வில்லும் இடுப்பில் குறுவாளுமாக, பென்சிலில் வரைந்துகொண்டாள். தயிர்ச்சோற்று டப்பா மூடியால் பக்கம் புரளாமல் அழுத்தி வைத்திருந்தது நினைவிருக்கிறது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று இரண்டு நாள் பாதி வரியில் மூடிவிட்டு ஓடினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2016 செப்டம்பர் 16ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா அந்த ஜெராக்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பைத் தேடி வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஓரிடத்தில் அவர் தாம் சட்டம் படித்த காலத்தைச் சொல்கிறார். ஜெராக்ஸ் வசதி பரவாத நாளில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதைச் சொல்லிவிட்டு, கையால் எழுதினால் குற்றமில்லாதது இயந்திரம் வந்ததால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்ற பொருளில் கேட்கிறார். அந்த இடத்தில் தீர்ப்பை மூடி வைத்துவிட்டேன். தயிர்ச்சோற்று டப்பா மூடி கண்முன் வந்துவிட்டது.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வும் அடிப்படையில் அதையே சொன்னது. கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை 52ஆவது பிரிவு தனியாகவே அனுமதிக்கிறது. அதற்குச் சதவீத வரம்பு கிடையாது, பாடத்துக்கு அது தேவைதானா என்பதுதான் கேள்வி. முப்பது நாற்பது ஆய்வு நூல்களை ஒரு மாணவன் காசு கொடுத்து வாங்கியிருப்பான், ஜெராக்ஸால்தான் வாங்கவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை. குறிப்பிட்ட பகுதிகள் பாடத்துக்குத் தேவையா என்பதை மட்டும் விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அதற்கு வெகு முன்பே அமர்த்தியா சென், தம் புத்தகங்களைப் போட்ட பதிப்பகமும் வழக்கில் இருக்கிறதே என்று வருந்திக் கடிதம் எழுதியிருந்தார்.

அது பல்கலைக்கழக வழக்கு, மாடி வீட்டுப் பயிற்சி மையத்தின் வழக்கல்ல. கட்டணம் வாங்கும் என்னைப் போன்றவன் அந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடித்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கக் கிளம்பினால் நனைந்துதான் வருவான். ஆனால் அந்தப் பெண் கேட்டது சொந்தப் படிப்புக்கு, கிடைக்காத புத்தகத்தில் ஓர் அத்தியாயம். அதற்கு எந்தத் தீர்ப்பும் வந்திருக்க வேண்டியதில்லை. 1957இலேயே சட்டம் அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டது. இடையில் நின்று மறித்தவன் நான்.

வாத்தியாரிடம் எடுக்கக் கூடாததை எடுத்தேன். பிள்ளையிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மறுத்தேன். முதலாவதைத் திருட்டு என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. இரண்டாவதை ஒழுக்கம் என்று சொல்லிப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய தவறாகப் படுகிறது. அதற்குக் காரணம் எங்கள் ஊரே.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை இந்த ஊர்மேல் படையெடுத்து வென்ற கதையைத் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூலாகவே பாடி வைத்திருந்தார்கள். உரைநடையும் செய்யுளும் கலந்த நூல் என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் தம் தொல்காப்பிய உரையில் குறிப்பிடுகிறார். அந்த நூல் இன்று இல்லை. ஏடு கிடைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் நம் கையில் உள்ளன. எப்படி? புறத்திரட்டு என்ற தொகை நூலைத் தொகுத்த யாரோ ஒருவர் அவற்றை எடுத்துத் தம் தொகுப்பில் சேர்த்தார், எந்த நூலிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதி வைத்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இலக்கண விதிக்கு உதாரணம் காட்ட அதிலிருந்து எடுத்தார். எங்கள் ஊர்ப் போர்க்கதை முழுசாக அழியாமல் மிஞ்சியது, இவர்கள் தேவைக்கு எடுத்து, எடுத்த இடத்தைச் சொன்னதால். 'அனுமதி வாங்காமல் எழுதாதே' என்று என்னைப் போல ஒருவன் அன்று ஏட்டுச்சுவடிக்குக் குறுக்கே நின்றிருந்தால் தகடூர் யாத்திரையின் ஒரு பாட்டுகூட நமக்கு எட்டியிருக்காது.

இப்போது என் மையத்தில் ஜெராக்ஸ் உண்டு. வகுப்புக்கு வேண்டிய பக்கத்தை மட்டும், மேலே ஆசிரியர் பெயரும் புத்தகத்தின் பெயரும் எழுதி எடுப்போம். சட்டங்களையும் தீர்ப்புகளையும் பிள்ளைகள் தாராளமாகப் படியெடுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். முழுப் புத்தகம் கேட்டால் கடைக்குப் போய் வாங்கச் சொல்வேன். கணக்குக் கைடு மறுபடி ஒன்று போட்டேன், எட்டு வருஷம் ஆயிற்று எழுதி முடிக்க. அதில் ஆடு இல்லை.

ஒரு வேண்டுகோள். 2011இல் நான் போட்ட கைடு ஐந்நூறு பிரதிக்கு மேல் விற்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடக்கலாம். 86ஆம் பக்கத்தில் ஓமலூர் சந்தை என்றும் விடையில் காரிமங்கலம் சந்தை என்றும் இருந்தால் அதுதான். பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். பாத்திரக் கடை மாடிக்குக் கொண்டுவாருங்கள். வாத்தியாரின் புத்தகத்தில் இன்னும் பதினேழு பிரதி என்னிடம் இருக்கிறது. மாற்றித் தருகிறேன்.